செய்தவர் ஏறவேணும்

அவளுடைய பிக்கப்பின் இடப்பக்கச் சீற்றில் நான் ஏழு தடவை ஏறியிருக்கிறேன். ஒரு தடவையாவது விரும்பி ஏறியதாக ஞாபகம் இல்லை. அந்தச் சீற்றின் பஞ்சு பிய்ந்து, உள்ளே இருந்த கம்பிச் சுருள் ஒன்று தொடையில் குத்திக்கொண்டே இருக்கும். திருகோணமலை மெக்கானிக்குகள் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘கோட்டுக்கூண்டு’. நீதிமன்றத்தில் குற்றம் செய்தவர்கள் ஏறுகிற இடம் என்று அர்த்தம்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. அவளுடைய வண்டியில் யார் கை வைத்தாலும், மறுநாள் காலை அதே வண்டியில் ஏறி, அவள் போகிற பாதை முழுக்கப் போய்த் திரும்ப வேண்டும். பிரேக் பார்த்தவரோ பற்றரி மாற்றியவரோ, எவருக்கும் விதிவிலக்கு இல்லை. “செய்தவர் ஏறவேணும்” என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் விளக்கம் வராது. வயரிங் வேலை பார்க்கிற ஒருவர் வீட்டில் விசேஷம் என்று பொய் சொல்லித் தப்பப் பார்த்தார். அவள் காலை ஐந்தரைக்கு அவர் வீட்டுப் படலையில் வண்டியை நிறுத்தி, ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் இருந்தாள். அயல்சனம் முழுக்க எழும்பிய பிறகு மனிதர் சாரத்தோடு வந்து ஏறினார்.

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் என்னைக் கூண்டில் ஏற்றுவாள். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள் என்பதால் இங்கே ‘அவள்’ என்று எழுதுகிறேன். நேரில் ‘நீங்கள்’ தவிர வேறொன்றும் சொல்ல எனக்குத் துணிவு வந்ததில்லை. அவள் இப்போது தன் ஊரான கப்பல்துறையில் இல்லை. அவள் போன பாதையில் இருந்த ஓடைக்கு ஒருநாள் பாலம் வந்துவிட்டது. ஊரே வெடி கொளுத்தியது. அவள் மட்டும், “பாலத்திலை போறதுக்கு உந்த வண்டி என்னத்துக்கு?” என்று சொல்லிவிட்டு, குச்சவெளிக்கு வடக்கே களப்புக்கரையில் மீன்காரருக்கு ஐஸ் ஏற்றப் போய்விட்டாள். அங்கே பாதையே இல்லையாம். சந்தோசமாக இருப்பாள்.

ஆள் நெடுவல், மெலிவு. சட்டைக்கு மேலே முழுக்கை வைத்த ஆண்பிள்ளைச் சேட் ஒன்றைப் போட்டு, கையை முழங்கைவரை மடித்திருப்பாள். சீற்றுக்குக் கீழே ஒரு யூரியாப் பை. எங்கே வண்டியை நிறுத்தினாலும் அந்தப் பையை நிலத்தில் விரித்து, மல்லாந்து வண்டிக்குக் கீழே போய்விடுவாள். ஆஸ்பத்திரி வாசலிலும் அப்படித்தான், கோயில் வீதியிலும் அப்படித்தான். அவளுடைய இரண்டு பாதங்களைப் பார்த்தே அவளை அடையாளம் கண்டுகொள்ளுகிறவர்கள் பட்டினத்தில் இருந்தார்கள். வண்டியோடு கதைக்கிற டிரைவர்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவளிடம் ஒருதடவை அதைக் கேட்டேன்.

“இரும்போடை கதைக்க எனக்கென்ன விசரோ அண்ணை?” என்றாள். “அது சொல்லுறதை நான் கேக்கிறன். அது காணும்.”

அவள் கேட்கிற கேள்வியும் ஒரு தினுசு. எல்லோரும் ‘எப்ப முடியும்’ என்றுதான் எங்களைக் கேட்பார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு வேலை முடிவிலும், கையைத் துடைத்துக்கொண்டு, “இது எப்ப உடையும்?” என்று கேட்பாள். இதற்கு என்ன பதில் சொல்வது? எங்கள் தொழிலில் இதற்கென்று ஒரு பதில் வைத்திருக்கிறோம். ‘இப்போதைக்கு ஓடும்.’ சொல்வதற்கு இலேசான வசனம். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அந்த வசனத்தைச் சொல்லித்தான் நான் முதன்முதலாக அவளுடைய சட்டத்தில் மாட்டினேன்.

எனக்கு லேத் வேலை. உள்துறைமுகத்துக்கு இறங்குகிற ஒழுங்கையில் பட்டறை. வள்ளங்களின் தண்டு கடைவதும், தேய்ந்த இரும்பை நிரப்பி மட்டம் பண்ணுவதும்தான் என் பிழைப்பு. மத்தியானங்களில், பட்டினத்துக்குள்ளேயே திரிகிற மான்கள் வந்து, வாசலில் கிடக்கிற மட்டைப்பெட்டிகளைச் சப்பிவிட்டுப் போகும். அப்படி ஒரு மத்தியானத்தில்தான், முன் சக்கரங்களை இணைக்கிற அக்சிலின் ஜொயின்ற் ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். முன்சில்லு திரும்பவும் வேண்டும், அதே நேரம் இழுக்கவும் வேண்டும் என்றால், சில்லுக்கு அருகே அக்சிலில் அப்படி ஒரு மூட்டு இருக்கும். அதில் மயிரளவு வெடிப்பு. புதிதாகத்தான் போட வேண்டும். பட்டினத்தில் புதிது இல்லை. ஒட்டித் தரச் சொல்லி அவள் கேட்கவில்லை. நான்தான் பெரிய மனிதன் மாதிரி, “தாங்கோ, ஒட்டித் தாறன்” என்று வாங்கி, வெல்டிங் வைத்து ஒட்டி, வெடிப்பு இருந்த இடமே தெரியாமல் அழகாக உரஞ்சிக் கொடுத்தேன்.

“இது எப்ப உடையும்?”

“இப்போதைக்கு ஓடும் பிள்ளை.”

அதை வண்டியில் பூட்டியது அவள்தான்; நான் வண்டியில் கை வைக்காததால் என்னை ஏறச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் உடைந்தது.

எங்கே உடைந்தது என்று சொன்னால்தான் அதன் கனம் விளங்கும். தம்பலகாமத்துக்கு அப்பால், குளக்கட்டு முடிந்து காடு தொடங்குகிற இடத்திலிருந்து உள்ளே ஆறு எருமைப் பட்டிகள் இருந்தன. அந்தப் பாலை விடியவெள்ளன எடுத்து, பத்து மணிக்குள் கண்டி வீதியிலிருந்த பால் நிலையத்தில் இறக்குவது அவள் தொழில். பிந்தினால் பால் திரைந்துபோகும், நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். நடுவிலே ஒரு ஓடை. கோடையில் கணுக்கால் தண்ணீர், மாரியில் முழங்காலுக்கு மேல். பால் கான்கள் நிறைந்த வண்டி, ஈரக்கரையில் சில்லைத் திருப்பி ஏறும்போதுதான் அந்த ஜொயின்ற் உயிரைக் கொடுக்கும். பட்டிக்காரரிடம் இருந்த ஒரு ரக்ரர் ஊர்ந்து வந்து சேரமுன் பால் திரைந்துவிடும். பாலை நேரத்துக்கு வெளியே கொண்டுவர அவர்களுக்கு வேறு வழி கிடையாது.

மறுநாள் அவள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பேசுவாள், நாலு பேர் கேட்கத் திட்டுவாள் என்று நான் தயாராக நின்றேன்.

“நாளைக்குக் காலமை வாறன் அண்ணை. ஏறவேணும்.”

“எதிலை ஏற? வண்டிதான் காட்டிலை நிக்குதே.”

“பட்டிக்காரரின்ரை ரக்ரர் இருக்கு.”

ரக்ரர் பெட்டியில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினேன். ஓடைக்கரையில் பிக்கப் ஒருபக்கம் சரிந்து நின்றது. கான்கள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. முந்தாநாள் காலைப் பால் முழுக்க அந்த ஓடையில்தான் ஊற்றப்பட்டிருந்தது. கரைப் புல்லில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. பட்டிக்கார மனுசி ஒருத்தி எங்களைக் கண்டுவிட்டு வந்தாள்.

“ஆர் இவர்?”

“அக்சில் ஒட்டினவர்.”

மனுசி என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குடிலுக்குள் போய், ஒரு கோப்பையில் தயிர் கொண்டுவந்து நீட்டினாள். “வெள்ளன வெளிக்கிட்டிருப்பியள். குடியுங்கோ” என்றாள். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அந்தத் தயிரைப் போல ஒன்றும் என்னைச் சுட்டதில்லை. வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. அவள் அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி யூரியாப் பையை விரித்து வண்டிக்குக் கீழே போய்விட்டாள்.

அந்தச் சட்டம் வண்டியோடு நிற்கவில்லை. அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது ஓடு மாற்ற வந்த மேசன், “இந்த மழைக்குத் தாங்கும் தங்கச்சி” என்று சொன்னாராம். அடுத்த மழைக்கு அவரைக் கூப்பிட்டு, ஒழுகின இடத்துக்கு நேர் கீழே கதிரை போட்டு, சோறும் மீன்குழம்பும் பரிமாறியிருக்கிறாள். மனிதர் கவளத்துக்குக் கவளம் முகட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார். ஒழுகவில்லை. பிழைத்தார். வண்டிக்குப் பூசை செய்து கொடுத்த ஐயரிடமும், “ஐயா, நாளைக்கு ஏறவேணும்” என்றிருக்கிறாள். ஐயர் சிரித்துக்கொண்டு, “எனக்குப் பதிலா அவர் வருவார்” என்று கர்ப்பக்கிருகத்தைக் காட்டி, ஒரு கை விபூதியைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவளுடைய கூண்டிலிருந்து தப்பிய ஒரே மனிதர் அவர்தான்.

அவளுக்கும் அதே சட்டந்தான் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் நாலாம் தடவை கூண்டில் ஏறிய நாளில் பால் நிலையத்தில் ஒரு புதிய அதிகாரி நின்றார். கம்பனியின் மேலிடத்திலிருந்து வந்தவர். கெட்ட மனிதர் இல்லை. சுத்தமான சப்பாத்து, சுத்தமான கையெழுத்து, எதையும் எழுதி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். கான்களை இறக்கிக்கொண்டிருந்த அவளிடம் அவர் விசயத்தைச் சொன்னார். உள்ளே இருக்கிற ஆறு பட்டிகளின் பாதையை மாத முடிவோடு நிறுத்தப் போகிறார்கள்.

“ஏன்?”

“வண்டியை நம்பேலாது. மழை தொடங்கினால் பால் வாற நாளும் இருக்கு, வராத நாளும் இருக்கு. நான் றிப்போட் எழுதவேணும்.”

“பாதை நிண்டால் அந்தச் சனம் மாட்டை விக்கவேண்டியதுதான். தெரியுமோ?”

“எனக்கு விளங்குது. ஆனால் வண்டி...”

“வண்டியிலை பிழை எண்டால் நான் வண்டியை மாத்துறன்” என்றாள். “சனத்தை ஏன் மாத்துறியள்?”

அதிகாரி பேனையை மூடினார். மாத முடிவுவரை நேரம் தருவதாகச் சொன்னார். அவள் கடைசிக் கானை இறக்கி வைத்துவிட்டு, “மாத முடிவிலை நீங்களும் ஏறவேணும்” என்றாள். அவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானமே என் பட்டறைக்கு வந்துவிட்டாள். பிக்கப்பின் முன் அக்சிலை முழுதாகக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய வண்டி ஒன்றின் கனமான அக்சிலைப் பூட்ட வேண்டும் என்றாள். பழைய இரும்புக்கடையில் பார்த்து வைத்திருக்கிறாளாம். நான் வேண்டாம் என்பதற்குப் பத்துக் காரணம் சொன்னேன். அகலம் கூட, ஸ்பிரிங் இருக்கிற இடம் வேறு, ஸ்ரியரிங் கை எட்டாது. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டு முடித்து, “இதெல்லாம் ஏலாத வேலையோ, கஷ்டமான வேலையோ?” என்றாள். கஷ்டமான வேலை என்று நான் ஒத்துக்கொண்டேன். “அப்ப தொடங்குங்கோ.”

இரண்டு கிழமை வள்ள வேலை ஒன்றும் எடுக்கவில்லை. அந்த நாட்களில் பட்டிக்காரர் பாலைத் தயிராக்கி, ரக்ரரில் ஏற்றிப் பாதி விலைக்கு விற்றார்கள். ஸ்பிரிங் தாங்குகிற இரும்புகளை வெட்டி, புதிய இடத்தில் வைத்து ஒட்டினேன். ஸ்ரியரிங் கையை நீட்டினேன். காட்டுக்குப் போகிற வண்டிதானே என்று நான் வேலையை முடித்துக் கொடுக்க, அவள் கண்டி வீதியில் கப்பல்துறைவரை ஒருதரம் ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள்.

“இடப்பக்கம் இழுக்குது.”

“காட்டு வண்டி எண்டால் றோட்டிலை கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும் பிள்ளை.”

“அண்ணை, காலமை பத்து மணிவரைக்குந்தான் இது காட்டு வண்டி. பிறகு இதிலைதான் அம்மாவைக் கிளினிக்குக்கு ஏத்துறனான், மகளை ரியூசனுக்கு ஏத்துறனான். காட்டுக்கு ஒரு வண்டி, றோட்டுக்கு ஒரு வண்டி வைச்சிருக்க நான் என்ன மந்திரியோ?”

திரும்பக் கழற்றினேன். நேராக்கினேன். அதற்கு அடுத்த நாள்தான் என் பெரிய பிழை வெளியே வந்தது.

வள்ளத்துக்கு ஒரு தண்டு, ஒரு விசிறி. முப்பது வருசமாக அதையே கடைந்த கை என்னுடையது. முன்னுக்கும் பின்னுக்கும் கணக்குப் பொருந்த வேண்டும் என்ற யோசனை எனக்குப் பழக்கமில்லை. நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வண்டியில், சில்லு ஒருதரம் சுற்ற அக்சிலுக்கு வருகிற தண்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்பது முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் முன்சில்லு ஒரு வேகத்தில் ஓடப் பார்க்கும், பின்சில்லு இன்னொரு வேகத்தில் ஓடப் பார்க்கும், வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டி எதையாவது முறிக்கும். இதைத் தெரியாதவன் இல்லை நான். மறந்துபோனேன். அவ்வளவுதான்.

அவள் மறக்கவில்லை. வண்டியை நான்கு கட்டையில் ஏற்றச் சொன்னாள். தண்டிலும் சில்லுகளிலும் வெண்கட்டியால் கோடு போட்டாள். யூரியாப் பையில் மல்லாந்து, தண்டைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணினாள். பின்பக்கம் எண்ணி முடித்து முன்பக்கம் போனாள். நான் வெளியே மானுக்கு மட்டை எறிந்துகொண்டிருந்தேன்.

“அண்ணை, பின்னுக்கு நாலுக்குக் கொஞ்சம் மேல. முன்னுக்கு அஞ்சுக்குக் கிட்ட. இது சரியோ?”

சரியில்லை என்று தெரியும். ஆனாலும் இரண்டு கிழமை வேலை, மாத முடிவு, எல்லாம் சேர்ந்து என் வாயில் அந்தப் பழைய வசனத்தைக் கொண்டுவந்து வைத்தது. “சேத்திலை சில்லு வழுக்கித் தானாச் சரிக்கட்டும். இப்...” என்று தொடங்கிவிட்டேன். வண்டிக்குக் கீழிருந்து முகம் மட்டும் வெளியே வந்தது. என்னைப் பார்த்தாள். நான் மிச்சத்தை விழுங்கினேன்.

அதே பெரிய வண்டியின் பின் அக்சிலையும் கண்டுபிடித்தால்தான் கணக்குச் சரிவரும். கிண்ணியாவில், நானா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவரின் வளவில் அது இருந்தது. தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே முண்டு கொடுத்து வைத்திருந்தார். “அக்சிலை எடுத்தால் தாங்கி விழும் தங்கச்சி. தூண் கட்டித் தந்திட்டு எடுங்க” என்றார். அவள் கல்லும் சீமெந்தும் கொண்டுபோய்த் தன் கையாலேயே தூண் கட்டினாள். காய விட்டு, நாலாம் நாள் தாங்கியை ஏற்றினோம். தாங்கி நிரம்பிக்கொண்டிருக்க நானா தூணைத் தட்டிப் பார்த்து, “இது நிக்குமா?” என்று கேட்டார்.

அவள் அந்தத் தூணுக்குக் கீழே, தாங்கி விழுந்தால் நசிகிற இடத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “தாங்கி நிரம்பி வழியட்டும் நானா. அதுவரைக்கும் இருக்கிறன்” என்றாள். நானா வீட்டார் பிளேன்ரீ கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைக்கு மேலே தண்ணீர் நிரம்புகிற சத்தத்தைக் கேட்டபடி அவள் அதை ஆறுதலாகக் குடித்தாள். தாங்கி வழிந்து அவள் தோளை நனைத்த பிறகுதான் எழும்பினாள். எனக்கு அவள்மீது இருந்தது பயம் மட்டுமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்படி ஒரு ஆளுக்கு வேலை செய்யக் கிடைத்ததில் பெருமையாக இருந்தது.

ஆனால் ஒரு விசயத்தில் நான் அவளோடு சண்டை பிடித்தேன். அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு அக்சிலும் பூட்டி, கணக்கும் பொருந்தி, அவள் வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

“இது எப்ப உடையும்?”

“உடையும்” என்றேன். “எது உடையவேணும் எண்டதை நாங்கள் முடிவெடுப்பம்.”

வள்ளத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். விசிறி கல்லில் அடித்தால் முதலில், ஆணி மாதிரி இருக்கிற ஒரு சின்னப் பின் ஒடியும். தண்டு தப்பும். கடலில் நின்றபடியே வேறு பின்னைப் போட்டுக்கொண்டு கரைக்கு வரலாம். சில்லின் நடுமூடிக்குள், அக்சிலையும் சில்லையும் இணைக்கிற வட்டத்தட்டு ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டை மெல்லிய இரும்பில் கடைந்த ஆறு பின்கள் பிடிக்கும்படி செய்கிறேன் என்றேன். அடி விழுந்தால் பின் போகும், அக்சில் நிற்கும்.

“உடையிறதுக்கெண்டே ஒரு சாமான் செய்து பூட்டுறியளோ? என்ன கதை கதைக்கிறியள்?” குரல் உயர்ந்தது. “உடையக் கூடாதெண்டுதானே இவ்வளவும்?”

“உடையாத இரும்பு உலகத்திலை இல்லைப் பிள்ளை. அக்சில் உடைஞ்சால் நீங்கள் பால் ஊத்தவேணும். பின் உடைஞ்சால் கையாலை மாத்தலாம். நான் ஏறுறன்தானே, பிறகென்ன?”

கடைசி வசனந்தான் அவளை மடக்கியது. தன் சட்டத்தைத் தன்னிடமே திருப்பிக் கொடுத்தால் என்ன செய்வாள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, “கூடப் பன்ரண்டு பின் செய்து தாங்கோ” என்றாள்.

மாத முடிவில் அதிகாரி வந்தார். வர மனமில்லாமல்தான் வந்தார் என்பது சப்பாத்தைப் பார்க்கவே தெரிந்தது. அதற்குப் பொலித்தீன் பை கட்டியிருந்தார். அவள் வலப்பக்கம், நான் நடுவில் கியருக்கு ஒருகால் அந்தப்பக்கம் ஒருகால் இந்தப்பக்கம், அவர் கூண்டில். குளக்கட்டில் ஏறமுன்பே கம்பிச் சுருள் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மனிதர் நெளிந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

போகும்போது சுகமாகப் போனோம். ஓடையில் முழங்கால் தண்ணீர். ஆறு பட்டியிலும் கான்கள் ஏறின. எனக்குத் தயிர் தந்த மனுசி அதிகாரியை எட்டிப் பார்த்து, “இவர் என்ன ஒட்டினவர்?” என்று கேட்டாள். “இவர் எழுதுறவர்” என்றாள் அவள்.

திரும்பும்போது மேலே எங்கேயோ மழை பெய்திருக்க வேண்டும். ஓடை மண்ணிறமாகப் பெருகி வந்துகொண்டிருந்தது. இறங்கினோம். முன்சில்லு அக்கரையில் ஏறிவிட்டது, பின்சில்லு இன்னும் தண்ணீரில். மருத மரத்து வேர் ஒன்றில் முன்சில்லு முட்ட, அவள் சில்லைத் திருப்பி அழுத்தினாள். ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

அதிகாரி மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது பத்து.

“இதைத்தான் நான் சொன்னனான்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, கவலையாகத்தான் சொன்னார். உடைந்தது என் பின்னா, அவளுடைய அக்சிலா என்று அந்த நேரம் யாருக்குத் தெரியும்?

அவள் அதற்குள் யூரியாப் பையைச் சேற்றில் விரித்துவிட்டாள். வலப்பக்கச் சில்லின் நடுமூடியைக் கழற்றினாள். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். என்னை நிமிர்ந்து பார்த்து, ஒடிந்த பின் துண்டு ஒன்றைக் காட்டினாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் குதித்து இறங்கி ஸ்பானரை எடுக்கப் போனேன்.

“நீங்கள் தள்ளி நில்லுங்கோ அண்ணை” என்றாள். “நாளைக்கு நான் தனியத்தான் வருவன்.”

ஆகவே நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அது அக்சில் பூட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. “ஐயா, நீங்கள் இதைப் பிடியுங்கோ” என்று புதிய பின்களை அதிகாரியின் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் கிரீஸ் கையோடு சேற்றில் நின்று, அவள் விரல் நீட்ட நீட்ட ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பொலித்தீன் பை எப்போது கிழிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. தண்ணீர் பின்பக்க லைற்றைத் தொட்டது. ஆறாவது பின் இறங்கியது. மூடியைத் தட்டி இறுக்கினாள். பத்து நிமிசம் ஆகியிருக்கும்.

“ஏறுங்கோ.”

நாலு சில்லும் ஒன்றாக இழுத்தன. வண்டி மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல் கரையில் ஏறியது. பின்னால் கான்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, ஒரு மூடியும் திறக்கவில்லை. பத்து மணிக்கு முன் நிலையத்தில் பால் இறங்கியது.

அதிகாரி பொனற்றில் கடதாசியை வைத்து எழுதினார். விரலின் கிரீஸ் கடதாசியில் பட்டது. எழுதி முடித்து, எங்களுக்குக் கேட்க வாசித்தார். “உட்பகுதிப் பாதையை இப்போதைக்குத் தொடரலாம்.” நல்ல செய்தி சொன்ன முகத்தோடு நிமிர்ந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தினாள்.

“ஐயா, அந்த ‘இப்போதைக்கு’ எண்ட சொல்லு இருந்தால் நீங்கள் நாளைக்கும் ஏறவேணும். நாளையிண்டைக்கும் ஏறவேணும். அந்தச் சொல்லு அதிலை இருக்கிற நாளெல்லாம் ஏறவேணும்.”

அதிகாரி கூண்டைத் திரும்பிப் பார்த்தார். தொடையைத் தடவினார். என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். பேனையைத் திறந்து அந்த ஒரு சொல்லை வெட்டினார். பிறகு யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று, வெட்டின இடத்துக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்தும் வைத்தார்.